டிராஃப்டருக்குப் பின்னால் ஒரு மனுஷன்: காஸ்பார் மோன்ஜ்

காலேஜில் ஃபர்ஸ்ட் இயர் பசங்களை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். கையில் மினி டிராஃப்டர் இருக்கும். பஸ் கண்டக்டரில் இருந்து பக்கத்து சீட் பாட்டி வரைக்கும் அதைப் பார்த்துத்தான் இன்ஜினியரிங்கா தம்பி என்று கேட்பார்கள். அப்போது பெருமையாகத்தான் இருக்கும். ஆனா அதே டிராஃப்டரை போர்டில் மாட்டி முதல் கோடு போட்டதும் அந்தப் பெருமை இறங்கிவிடும்.

எனக்கு நன்றாகவே இறங்கியது. ரிசல்ட் வந்தபோது மற்ற எல்லாம் கிளியர், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் மட்டும் அரியர். நான் எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். புக்கில் இருக்கிற ஸ்டெப் எல்லாவற்றையும் வார்த்தை மாறாமல் ஒப்பிப்பேன். ஆனா ஹாரிசாண்டல் பிளேனுக்கு 30 டிகிரி, வெர்டிகல் பிளேனுக்கு 45 டிகிரி சாய்ந்த கோடு என்று கேள்வி வந்தால் என் மண்டைக்குள் எந்தக் கோடும் நிற்காது. எனக்கு வரைய வராது, அதெல்லாம் பிறவியிலேயே இருக்கணும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அரியர் எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டலில் ஒருத்தன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். கவர்மென்ட் ஸ்கூலில் தமிழ் மீடியம் படித்து வந்தவன். அப்பா தச்சு வேலை செய்கிறவர். அவன் புக்கைத் திறக்கவே இல்லை. பழைய ரெக்கார்டு நோட்டின் அட்டையைக் கிழித்து, பாதி தரை, பாதி சுவர் மாதிரி மடக்கி வைத்தான். நடுவில் ஒரு பென்சிலைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னான். செல்போன் டார்ச்சை மேலே இருந்து அடித்தான், தரை அட்டையில் ஒரு நிழல் விழுந்தது. முன்னால் இருந்து அடித்தான், சுவர் அட்டையில் இன்னொரு நிழல் விழுந்தது. ரெண்டு நிழலையும் பேனாவால் கோடு போட்டுவிட்டு அட்டையை விரித்து மேஜை மேல் தட்டையாக வைத்தான். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இவ்வளவுதான்டா கேள்வி என்றான்.

பாஸ் பண்ணினேன். இப்போ ஃபைனல் இயர். பிராஜெக்ட் வேலைக்கு நடுவில் ஒரு நாள் சும்மா யோசித்தேன். அந்த அட்டை மடக்குகிற வித்தையை முதலில் ஒழுங்குபடுத்தி, கிளாஸில் போர்டு முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தவர் யார்? தேடினேன். காஸ்பார் மோன்ஜ் என்று ஒரு பேர் வந்தது. அவர் கதையைப் படித்தபோது, என் ஹாஸ்டல் ரூமில் அன்றைக்கு ராத்திரி நடந்ததும் அவர் வாழ்க்கையும் ஒரே விஷயம் மாதிரி எனக்குப் பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சின்ன வியாபாரியின் மகன்

பிரான்ஸில் பர்கண்டி என்று ஒரு பகுதி, வைனுக்குப் பேர் போனது. அங்கே போன் என்ற சின்ன ஊரில் 1746-ஆம் வருஷம் மே மாதம் மோன்ஜ் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்தவர், கத்தி சாணை பிடித்தவர் என்றும் சொல்வார்கள். பெரிய படிப்பில்லாத அந்த மனுஷன் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். மோன்ஜ் உள்ளூரில் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் படித்துவிட்டு, 1762-ல் லியோன் நகரத்துக்கு மேல்படிப்புக்குப் போனார். படிக்கப் போன இடத்திலேயே 17 வயதில் பிசிக்ஸ் பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

1764-ல் லீவுக்கு ஊருக்கு வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஊர் முழுவதையும் அளந்து ஒரு பெரிய மேப் போட்டார். அளக்கிற கருவிகளையும் தானே செய்துகொண்டார். அந்த வழியாக வந்த ஒரு இராணுவ இன்ஜினியரிங் அதிகாரி அந்த மேப்பைப் பார்த்து அசந்துபோனார். மெசியேர் என்ற ஊரில் இருந்த ராயல் இன்ஜினியரிங் பள்ளிக்கு இந்தப் பையனைச் சிபாரிசு செய்தார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இராணுவ இன்ஜினியரிங் படிக்க அதைவிட நல்ல இடம் அபூர்வம்.

இதுவரைக்கும் சினிமா மாதிரி இருக்கு இல்லையா? இங்கேதான் அடி விழுந்தது.

பிளாஸ்டர் குழைக்கிற ரூம்

மெசியேர் பள்ளியில் ரெண்டு வாசல் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அதிகாரிகளாகப் போகிற மாணவர்களுக்கு. அதில் நுழைய நல்ல குடும்பம் என்று நிரூபிக்க வேண்டும், பிரபு வம்ச ரத்தம் வேண்டும். சாணை பிடிப்பவர் மகனுக்கு அந்த வாசல் கிடையாது. இன்னொன்று, கீழ்நிலை வேலைக்காரர்களைத் தயார் செய்கிற பிரிவு. கோட்டைகளின் பிளானை நகலெடுப்பது, பிளாஸ்டரில் மாடல் செய்வது, கல் வெட்டக் கோடு போட்டுக் கொடுப்பது எல்லாம் அங்கே. பிளாஸ்டர் குழைப்பது என்று அர்த்தம் வருகிற ஒரு பட்டப்பேரால்தான் அந்தப் பிரிவைக் கூப்பிட்டார்கள். மோன்ஜுக்கு அங்கேதான் இடம் கிடைத்தது. கை நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டினார்கள். தன் தலையும் வேலை செய்யும் என்பதைக் காட்ட வழியில்லாமல் அவர் வெந்து போனார்.

ஒரு வருஷம் கழித்து வழி வந்தது. ஒரு கோட்டைக்கு பிளான் போடும் வேலை அவரிடம் வந்தது. பிரச்சினை இதுதான்: கோட்டையைச் சுற்றி மேடுகள் இருக்கும். எதிரி எந்த மேட்டில் ஏறி நின்று பார்த்தாலும், சுட்டாலும், கோட்டைக்குள் இருக்கிறவன் மேல் படக் கூடாது. அப்படியென்றால் சுவர் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? சுவரை அளவுக்கு மேல் உயர்த்தினால் காசு வீண், குறைத்தால் உயிர் போகும். அதுவரைக்கும் இதை இடம் இடமாக அளந்து, பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள்.

மோன்ஜ் கணக்குப் போடவில்லை, படம் போட்டார். சுற்றியிருக்கிற மேடுகளைத் தொட்டுக்கொண்டு போகிற ஒரு சாய்ந்த தளத்தைக் கற்பனை செய்தார். எதிரியின் பார்வை அந்தத் தளத்துக்குக் கீழே வர முடியாது. கோட்டைக்குள் இருப்பது எல்லாம் அதற்குக் கீழே இருந்தால் போதும். இந்தத் தளத்தையும் மேடுகளையும் பேப்பரில் ரெண்டு பார்வையில் வரைந்து, தேவையான உயரங்களைக் கோடு போட்டே எடுத்துவிட்டார்.

வேலையைக் கொண்டுபோய் நீட்டியபோது அதிகாரி அதை வாங்கிப் பார்க்கவே மறுத்தார். இவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியாது, கணக்கே போட்டிருக்க மாட்டான் என்பது அவர் முடிவு. மோன்ஜ் விடவில்லை. கடைசியில் சரிபார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள். அந்த முறையை இராணுவ ரகசியம் என்று சொல்லிவிட்டார்கள். அதிகாரிகளாகப் போகிற மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கலாம். வெளியே அச்சிடக் கூடாது. எந்த வாசல் வழியாக அவரை உள்ளே விடவில்லையோ, அந்த வாசலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் அவர் கண்டுபிடிப்பு சொந்தமானது. கிட்டத்தட்ட 30 வருஷம் இப்படியே போனது.

அப்படி என்ன ரகசியம்?

நமக்கு முதல் வருஷ சிலபஸ் அது. ஒரு பொருளைத் தரையிலும் சுவரிலும் நேராக விழுகிற ரெண்டு படங்களாகப் பிடிப்பது. தரையும் சுவரும் சந்திக்கிற கோட்டைக் கீலாக வைத்து, ஒன்றை மடக்கி ரெண்டையும் ஒரே பேப்பராக்குவது. மோன்ஜ் சுவரைப் பின்னால் சாய்த்துத் தரையோடு சேர்த்தார். நம்ம புக்கில் தரையைக் கீழ்ப்பக்கமாக மடக்கச் சொல்வார்கள். ரெண்டிலும் வருவது ஒரே படம்: எக்ஸ்ஒய் கோட்டுக்கு மேலே எலிவேஷன், கீழே பிளான். ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷன் என்று நாம் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

பிளானும் எலிவேஷனும் அவருக்கு முன்னாலேயே உண்டு. கல் தச்சர்களும் மரத் தச்சர்களும் வளைவு மண்டபத்துக்குக் கல் வெட்ட, கூரைக்கு மரம் இழைக்க, தலைமுறை தலைமுறையாகக் கோடு போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1730-களிலேயே ஃப்ரெசியே என்ற இராணுவ இன்ஜினியர் கல் வெட்டும் கலையைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனா அதெல்லாம் வேலைக்கு வேலை தனித்தனி வித்தை. வளைவுக்கு ஒரு தந்திரம், படிக்கட்டுக்கு ஒரு தந்திரம், கூரைக்கு ஒரு தந்திரம். மோன்ஜ் செய்தது, எல்லாத் தந்திரத்துக்கும் அடியில் இருக்கிற ஒரே விதியை எடுத்து வெளியே வைத்தது. புள்ளியில் ஆரம்பித்து, கோடு, தளம், வளைந்த பரப்பு என்று படிப்படியாக ஏறலாம். விதி தெரிந்தால் புதுப் பொருள் வந்தாலும் பயம் இல்லை.

என்னைக் கவிழ்த்த சாய்ந்த கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உண்மையான நீளம் பிளானிலும் தெரியாது, எலிவேஷனிலும் தெரியாது, ரெண்டிலும் சுருங்கித்தான் தெரியும். மோன்ஜின் வழி இது: கோட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, உயரம் மாறாமல் அதைச் சுவருக்கு இணையாக வரும் வரை கதவு மாதிரி திருப்பு. பிளானில் அது எக்ஸ்ஒய்க்கு இணையாகும். உயரம் மாறாததால் எலிவேஷனில் அடுத்த முனை அதே மட்டத்தில் பக்கவாட்டில் நகரும். இப்போ எலிவேஷனில் தெரிவதுதான் உண்மையான நீளம். நான் 11 ஸ்டெப்பாக மனப்பாடம் செய்த விஷயம், ஒரு கதவைத் திருப்புகிற வேலை.

வாத்தியார் ஆகிறார்

ரகசியத்தோடு மோன்ஜ் மெசியேரில் வளர்ந்தார். 1769-ல் கணித ஆசிரியர். அடுத்த வருஷம் பிசிக்ஸும் அவரிடம் வந்தது. பின்னாளில் பிரான்ஸின் போர்களுக்குத் திட்டம் போட்ட லாசர் கார்னோ அங்கே அவரிடம் படித்தவர்தான். 1777-ல் கல்யாணம். மனைவி இரும்பு உலை வைத்திருந்தவர், அதனால் மோன்ஜுக்கு உலோக வேலையும் கைவந்தது. 1780-ல் பாரிஸ் அறிவியல் அகாதமியில் உறுப்பினர். ஹைட்ரஜனை எரித்தால் தண்ணீர் வரும் என்ற சோதனையை 1783-ல் கேவண்டிஷ், லவாய்சியே செய்ததைப் போல இவரும் தனியாகச் செய்திருக்கிறார். சல்ஃபர் டைஆக்சைடை முதலில் திரவமாக்கியவர்களில் இவரும் ஒருவர். ஒரு மனுஷனுக்கு இத்தனை வேலையா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

1783-ல் கடற்படை மாணவர்களுக்குத் தேர்வு நடத்தும் எக்ஸாமினர் பதவி வந்தது. அதற்கு முன் அந்த வேலையில் இருந்து இறந்துபோன பெசூ எழுதிய புத்தகங்கள்தான் அப்போது பாடம். புதுசாகப் பாடப்புத்தகம் எழுதித் தரும்படி மோன்ஜைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டாராம். பெசூவின் மனைவி அந்தப் புத்தகம் விற்கிற காசில்தான் வாழ்கிறார், அதைப் பிடுங்க மாட்டேன் என்பது காரணம் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிரபு வீட்டுப் பிள்ளை என்பதற்காக யாருக்கும் அவர் பாஸ் போட்டுக் கொடுத்ததும் இல்லையாம்.

புரட்சி, பீரங்கி, ஒரு காலேஜ்

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிறப்பைக் காட்டிக் கதவை மூடிய அமைப்பு சரிவதை மோன்ஜ் வேறு எப்படிப் பார்த்திருப்பார்? முழுசாகப் புரட்சியின் பக்கம் நின்றார். 1792 ஆகஸ்டில் கடற்படை அமைச்சர் ஆனார். அரசரின் மரண தண்டனையை நிறைவேற்றிய அரசில் அவரும் ஒரு அமைச்சர், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நிர்வாகம் அவருக்கு ஒத்துவரவில்லை. எட்டு மாதத்தில் பதவியை விட்டுவிட்டு, போருக்கு வேண்டிய வெடியுப்பு, எஃகு, பீரங்கி தயாரிப்பில் இறங்கினார். பீரங்கி செய்வது எப்படி என்று படங்களோடு ஒரு புத்தகமும் எழுதினார்.

அப்போது நாட்டில் இன்ஜினியர்களுக்குப் பஞ்சம். பழைய பள்ளிகள் சிதறிக் கிடந்தன. பாலம், சாலை, கோட்டை, கப்பல், சுரங்கம் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். 1794-ல் ஒரு புதுக் கல்லூரி திட்டமிட்டார்கள். அதைத் திட்டமிட்டவர்களில் முக்கியமான ஆள் மோன்ஜ். பொதுப்பணிகளுக்கான மையப் பள்ளி என்று ஆரம்பித்து, 1795 செப்டம்பரில் எகோல் பாலிடெக்னிக் என்று பேர் மாறியது. நம்ம ஊரில் டிப்ளமோ படிக்கிற பாலிடெக்னிக் இருக்கு இல்லையா, அந்தப் பேரே இந்தக் காலேஜில் இருந்து உலகம் முழுக்கப் பரவினதுதான்.

அட்மிஷன் பல ஊர்களில் நடந்த நுழைவுத் தேர்வு மூலமாக. வம்சம் கேட்கவில்லை. முதல் பேட்ச் கிட்டத்தட்ட 400 பேர். படிக்கிறவர்களுக்கு அரசே உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பாடத்திட்டத்தில் அதிகமான நேரத்தை எடுத்துக்கொண்ட பாடம் மோன்ஜின் படவரை வடிவியல், அதாவது நம்ம இஜியின் அம்மா.

வரையவே தெரியாத 400 பேருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மோன்ஜின் ஏற்பாடு இப்படி இருந்தது. முதலில் நன்றாகப் படிக்கிற சிலரைத் தனியாகத் தேர்ந்தெடுத்து அவர்களுக்குத் தானே தீவிரப் பயிற்சி கொடுத்தார். பிறகு மாணவர்களை 20 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அப்படிப் பயிற்சி பெற்ற ஒருவரைத் தலைவராக வைத்தார். லெக்சர் எல்லாருக்கும் பொது. லெக்சர் முடிந்ததும் குழு தன் அறைக்குப் போய் போர்டு முன்னால் உட்கார்ந்து, கேட்டதைத் தன் கையால் வரைய வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறார். அதுவும் தன் வயசை ஒட்டிய ஆள், பயமில்லாமல் கேட்கலாம். சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுப்பதை அவர் காலேஜின் அமைப்பாகவே ஆக்கிவிட்டார்.

பாட வரிசையும் யோசித்துப் போட்டது. முதலில் சுத்தமான வடிவியல்: புள்ளி, கோடு, தளம், வளைந்த பரப்பு, ரெண்டு பரப்பு வெட்டிக்கொள்ளும் கோடு. உடனே அதே விதிகளை வைத்துக் கல் வெட்டுதல், மர வேலை, நிழல், பெர்ஸ்பெக்டிவ், மேப், இயந்திரம், கோட்டை. விதியும் வேலையும் ஒட்டியே போகும். எதற்காகப் படிக்கிறோம் என்று மாணவன் கேட்க வேண்டிய அவசியமே வராது.

லெக்சரில் அவர் கை சும்மா இருக்காது என்று மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காற்றிலேயே கூம்பு செய்வார், உருளையை வெட்டுவார், பரப்பு திரும்புவதைக் கையாலேயே காட்டுவார். பேச்சில் தடுமாற்றம் இருந்தாலும் அந்தக் கை அசைவில் உருவம் கண்ணுக்குத் தெரியுமாம். இதைப் படித்தபோது எனக்கு ரெக்கார்டு அட்டையும் டார்ச்சும்தான் ஞாபகம் வந்தன.

ரகசியம் வெளியே வந்த நாள்

அதே சமயம், 1795 ஜனவரியில் பாரிஸில் எகோல் நார்மல் என்று ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு பள்ளி திறந்தார்கள். நாட்டின் எல்லா மாவட்டத்தில் இருந்தும் கிட்டத்தட்ட 1400 பேர். லக்ராஞ், லாப்லாஸ், பெர்த்தோலே எல்லாம் பாடம் எடுத்தார்கள். மேத்ஸ் புக்கில் நம்மைப் பயமுறுத்துகிற பெயர்கள் எல்லாம் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்ததாக நினைத்துப் பாருங்கள். மோன்ஜ் எடுத்தது தன் பழைய ரகசியத்தை. சுருக்கெழுத்துக்காரர்கள் உட்கார்ந்து லெக்சரை எழுதி எடுத்து அச்சிட்டார்கள். 30 வருஷப் பூட்டு அப்படித்தான் உடைந்தது. 1799-ல் அந்த லெக்சர்கள் தனிப் புத்தகமாகவும் வந்தன.

முதல் லெக்சரிலேயே இந்தப் பாடம் எதற்கு என்று தெளிவாகச் சொன்னார். ஒன்று, மூன்று பரிமாணப் பொருளை ரெண்டு பரிமாணப் பேப்பரில் பிசகில்லாமல் காட்ட. ரெண்டு, அந்தப் படத்தில் இருந்தே பொருளைப் பற்றிய உண்மைகளைக் கண்டுபிடிக்க. யோசிக்கிற இன்ஜினியர், வேலையை நடத்துகிறவர், கையால் செய்கிற தொழிலாளி, மூன்று பேருக்கும் இது பொது மொழி என்றார். பிளாஸ்டர் ரூமில் இருந்து வந்த ஆள் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு படித்தால் அந்த வரியின் கனம் தெரியும்.

அந்தப் பள்ளி வெற்றி பெற்றது என்று சொல்ல முடியாது. பாடங்கள் பலருக்கு எட்டவில்லை, நாலு மாதத்தில் மூடிவிட்டார்கள். 1400 பேர் உட்கார்ந்து கேட்டால் வரைய வந்துவிடாது என்பது என் எண்ணம். 20 பேர், போர்டு, பக்கத்தில் ஒரு சீனியர் என்று பாலிடெக்னிக்கில் செய்ததுதான் நின்றது.

நெப்போலியனின் நண்பர்

1796-ல் நெப்போலியன் இத்தாலியை ஜெயித்தபோது, அங்கிருந்து ஓவியங்களையும் சிலைகளையும் தேர்ந்தெடுத்து பாரிஸுக்கு அனுப்புகிற குழுவில் மோன்ஜ் இருந்தார். அடுத்தவன் வீட்டுப் பொருளை எடுத்து வருவதுதான் அது, வேறு பேர் வைக்க முடியாது. அங்கே தொடங்கிய நட்பு கடைசி வரை போனது. 1798-ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனார். கெய்ரோவில் அமைத்த அறிவியல் கழகத்துக்கு அவர்தான் முதல் தலைவர். பாலைவனத்தில் தண்ணீர் மாதிரித் தெரிகிற கானல் நீருக்கு, சூடான காற்றில் ஒளி வளைவதுதான் காரணம் என்று அங்கே விளக்கினார். அந்தப் பயணத்தில் பாலிடெக்னிக் மாணவர்களும் இருந்தார்கள்.

நெப்போலியன் சக்கரவர்த்தி ஆனார். மோன்ஜுக்குப் பிரபு பட்டமே கொடுத்தார். பிரபு வம்சம் இல்லை என்று ஒதுக்கப்பட்டவர் பிரபு ஆனார். ஆனா அதே நெப்போலியன்தான் 1804-ல் பாலிடெக்னிக்கை இராணுவ அமைப்புக்குள் கொண்டுவந்தார். பிறகு கட்டணமும் வந்தது. எல்லாருக்கும் திறந்த கதவு மறுபடியும் கொஞ்சம் மூடியது. நண்பரே மூடினார் என்பதுதான் கசப்பு.

1809-ல் உடல்நிலை சரியில்லாமல் மோன்ஜ் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பதை நிறுத்தினார். 1815-ல் நெப்போலியன் வீழ்ந்ததும் பழைய அரச வம்சம் திரும்பி வந்து கணக்குத் தீர்த்தது. 1816-ல் அறிவியல் கழகத்தில் இருந்து மோன்ஜை நீக்கினார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்தவர் கோஷி. ஆமாம், நம்ம காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் கோஷியேதான். அதே வருஷம் பாலிடெக்னிக் மாணவர்களையும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிக் காலேஜைக் கொஞ்ச காலம் மூடினார்கள்.

1818 ஜூலை 28-ஆம் தேதி பாரிஸில் மோன்ஜ் இறந்தார். வயது 72. மறுபடி திறந்திருந்த பாலிடெக்னிக்கின் மாணவர்கள் இறுதி ஊர்வலத்துக்குப் போக அனுமதி கேட்டார்கள். அரசு மறுத்தது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவரிடம் நேரில் பாடம் கேட்டிருக்கக்கூட வாய்ப்பில்லை. ஆனாலும் அடுத்த லீவு நாளில் எல்லாரும் சேர்ந்து கல்லறைக்கு நடந்து போய் மாலை வைத்துவிட்டு வந்தார்கள். மோன்ஜ் கதையில் நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிறகு

அவர் மாணவர்களில் ஒருவர் பொன்செலே. 1812-ல் நெப்போலியன் படையோடு ரஷ்யா போய்க் கைதியானார். வோல்கா நதிக்கரையில் சரத்தோவ் என்ற ஊரில் சிறை. கையில் ஒரு புத்தகம் கிடையாது. மோன்ஜ் வழியில் படித்ததை நினைவில் இருந்தே மறுபடி கட்டி, அதில் இருந்து புரொஜெக்டிவ் ஜியாமெட்ரி என்ற புதுத் துறையையே எழுப்பினார். 1822-ல் அது புத்தகமாக வந்தது. மனப்பாடம் செய்திருந்தால் அவருக்கு அந்தச் சிறையில் எதுவும் மிஞ்சியிருக்காது. விதியைப் புரிந்து வைத்திருந்தார்.

இன்னொருவர் க்ளோடியஸ் க்ரோஸே, பாலிடெக்னிக்கில் படித்தவர். 1816-ல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரிக்குப் போய் இந்தப் பாடத்தை ஆரம்பித்தார். 1821-ல் இங்கிலீஷில் புத்தகம் போட்டார். இப்படித்தான் அது ஊர் ஊராகப் போய், கடைசியில் நம்ம சிலபஸிலும் முதல் வருஷப் பாடமாக உட்கார்ந்திருக்கிறது. இப்போ ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் எல்லாம் வந்துவிட்டன. ஆனா ஒரு மாடலைச் செய்துவிட்டு டிராயிங் ஷீட்டுக்குப் போனதும் சாஃப்ட்வேர் போடுகிற ஃப்ரன்ட் வியூ, டாப் வியூ எல்லாம் அவர் மடக்கின அதே தளங்கள்தான்.

மோன்ஜ் பேர் ஈஃபிள் கோபுரத்தில் பொறித்த 72 பேர்களில் இருக்கிறது. 1989-ல், புரட்சியின் 200-ஆவது வருஷத்தில், அவர் உடலின் மிச்சத்தை பாரிஸில் நாட்டின் பெரியவர்கள் உறங்கும் பாந்தியனுக்கு மாற்றினார்கள்.

இந்த வருஷமும் ஃபர்ஸ்ட் இயர் பசங்க டிராஃப்டரோடு காரிடாரில் போகிறார்கள். அதில் பத்துப் பேராவது, எனக்கு வரைய வராது, பிறவியிலேயே வராது என்று இந்நேரம் முடிவு கட்டியிருப்பார்கள். பிறவியைக் காட்டி வரைபலகையில் இருந்து ஆளைத் தள்ளிவைத்த ஒரு பள்ளியில்தான் இந்தப் பாடமே பிறந்தது. தள்ளிவைக்கப்பட்டவர்தான் இதைக் கண்டுபிடித்தார், அதை எல்லாருக்கும் திறந்தும் விட்டார்.

ஜூனியர்ஸ், இஜி புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் ஹாஸ்டலில் எங்க ரூமுக்கு வாங்க. பழைய ரெக்கார்டு அட்டை நிறைய இருக்கு. டார்ச்சுக்கு உங்க போனில் சார்ஜ் மட்டும் போட்டுட்டு வாங்க.